ஒன்றாம் கட்டிலின் சனிக்கிழமைகள்

பேய் எவ்வளவு பெரியது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பனை உயரம் என்பீர்களா? கால் தரையில் பாவாது, தலை கூரையை முட்டும் என்பீர்களா? பதில் சொல்வதற்கு முன் ஆறுச்சாமியைக் கேளுங்கள். வண்டிப்பெரியாருக்கு மேலே, ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஐந்நூறு குடும்பத்தை நடுங்க வைத்த பேயின் சத்தத்தைத் தன் காதால் கேட்டவன் அவன். சரியான அளவைச் சொல்வான். அரை டம்ளர்.

அதற்கு மேல் இருக்காது. அரை டம்ளர் காற்று.

ஆறுச்சாமி மலைக்காரன் இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, மீனாட்சிபுரத்தில், ஒரு கிணறும் மூன்று எருமையும் ஒரு பசுவும் உள்ள வீட்டில் இரண்டாவது பிள்ளை. கொழிஞ்சாம்பாறையில் பத்தாவது வரை படித்தான். தோட்டத்தை அண்ணன் கந்தப்பன் பார்த்துக்கொண்டான். ஆறுச்சாமிக்கு வெள்ளாமையை விடப் புண்ணின் மேல்தான் கவனம். நுகத்தடி அழுத்திக் கழுத்தில் புண்ணான மாட்டைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூட அவனிடம்தான் ஓட்டி வருவார்கள். அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் அவனை வைத்துக்கொண்டார். நாலு வருஷம் அங்கே பழகிவிட்டு, எழுபத்து மூன்றில் மலையேறி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் ஆனான். புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுகிறவனுக்கு அங்கே அதுதான் பெயர்.

பத்துக் கட்டில் போட்ட ஒரே ஓட்டுக் கட்டடம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு டிரஸ்ஸர். நர்ஸ் இன்பமேரி எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அவனுடைய கொங்குப் பேச்சு அவளுக்குத் தினமும் ஒரு வேடிக்கை.

"ஏனுங்க, வலிக்குதுங்களா, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு கேட்டுக் கேட்டே புண்ண ஆத்திப்புடுவீக போலிருக்கே, அண்ணே" என்பாள்.

"வலிக்கற எடத்துல மரியாதை குடுத்தா ஏனுங்க, குறைஞ்சா போயிருவம்?"

எழுபத்தைந்து கடைசியில் டாக்டர் ஈப்பன் வந்தார். கோட்டயத்துப் பக்கம். சின்ன வயது. மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு புது வித்தையைக் கொண்டுவந்திருந்தார். வாந்தியும் பேதியுமாக வந்து விழுகிறவர்களுக்கு உடம்பில் நீர் வற்றிக் கையில் ரத்தக்குழாய் அகப்படாது. ஊசியை வைத்துக்கொண்டு குத்திக் குத்தித் தேடுவதற்குள் ஆள் போய்விடும். ஈப்பன் தேடமாட்டார். காறை எலும்புக்கு அடியில் ஒரு தடித்த ஊசியைச் செலுத்தி, அதன் வழியாக மெல்லிய பாலிதீன் டியூபை நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் விடுவார். டியூபைத் தோலோடு ஒரு தையல் போட்டுப் பிடித்துக் கட்டிவிடுவார். பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஓடும். கண் செருகிக் கிடந்தவர்கள் மறுநாள் காப்பி கேட்டார்கள். அந்த டியூபைக் குறை சொல்ல இங்கே ஒன்றுமில்லை. எத்தனையோ தாலியை அது காப்பாற்றியிருக்கிறது.

அதைக் காவல் காத்தது ஆறுச்சாமி. டியூபைத் தொடுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவான். மருந்துக்கட்டை நாள் தவறாமல் மாற்றுவான். அவன் பார்த்த டியூப் ஒன்றிலும் சீழ் வைத்ததில்லை. "இந்தக் கை எனிக்குக் கிட்டியிருந்தா ஞான் சர்ஜன் ஆயிருப்பேன்" என்று ஈப்பனே சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு சுத்தமான கை எப்படி மூன்று பேரைக் கொன்றது என்பதுதான் கதை.

அதற்கு எஸ்டேட் சனிக்கிழமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் போய் முப்பது வருஷம் ஆகப்போகிறது, மேனேஜரை இன்னும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். துரை சனிக்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு வார்டைப் பார்க்க வருவார். துரை வரும்போது ஒருவரும் படுத்திருக்கக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் இந்த நாட்டில் பலம் அதிகம். வயிற்றைக் கிழித்துத் தைத்தவன், மூன்று நாள் முன்பு பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் பிதற்றுகிறவன், எல்லோரும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கும்பிட வேண்டும். உட்கார முடியாதவர்களை முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்த்து வைப்பார்கள். வாசலை ஒட்டி இருந்தது ஒன்றாம் கட்டில். நர்ஸ் மேஜைக்குப் பக்கம் என்பதால் டியூப் போட்டவர்களுக்கு அதுதான். உள்ளே நுழைந்ததும் துரை பார்ப்பதும் அதைத்தான். டியூப் தொங்கினால் முகம் கோணும். "இன்னும் தண்ணி ஓடுதா? எப்போ வேலைக்கு வரும் இது?" என்பார். அதனால் ஆள் வாயால் குடிக்கத் தொடங்கியிருந்தால், சனிக்கிழமை காலையில் உட்காரவைத்து, டியூபை உருவிவிட்டு, தலையை வாரி, துரையின் கண்ணுக்கு லட்சணமாக வைத்திருப்பார்கள்.

எழுபத்தாறு ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை, அப்படி உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி திடீரென்று மூச்சு வாங்கிச் செத்துப்போனாள். பலவீனம் என்றார்கள். ஜூலையில் மிக்கேல்ராஜ். அதே கட்டில், அதே சனிக்கிழமை, அதே ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால். ஆகஸ்டில் சிசிலி.

சிசிலிக்கு முப்பது வயது இருக்கும். கொழுந்து கிள்ளுவதில் கை வேகம். வாய் அதைவிட வேகம். டியூப் போட்ட ஆறு நாளும் ஆறுச்சாமியைச் சும்மா விடவில்லை.

"டிரஸ்ஸர் ஐயா, ஒங்க ஊர்ல மாட்டுக்கும் வாங்க போங்கதானா?"

"எருமைக்கு மட்டுமுங்க. பசுவ வாடி போடின்னு கூப்புட்டுக்குவம்."

"அப்ப நான் எருமையா?"

"சிரிக்காதீங்க. டியூப்பு நகந்துக்கும்."

சனிக்கிழமை காலை இன்பமேரி அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, சடை பின்னிவிட்டாள். ஆறுச்சாமி கையைக் கழுவி, தையலை வெட்டி, டியூபைப் பிடித்துக்கொண்டான். எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னான். வலி தெரியக் கூடாதே என்ற கரிசனத்தில் சொல்வது.

"நல்லா மூச்ச உள்ள இழுத்துக்கங்க. ஒண்ணும் தெரியாது."

அவள் இழுத்தாள். டியூப் வந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. சூடான காப்பியை உதட்டால் உறிஞ்சுகிற மாதிரி. உஸ்.

துளையைப் பார்த்தான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, சுத்தமாக எடுத்துவிட்டோம் என்று. பஞ்சை எடுக்கத் திரும்பினான். சிசிலி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"டிரஸ்ஸர் ஐயா, நெஞ்சு..."

உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறியது. கண் அவன் முகத்திலேயே நின்றது. ஈப்பன் ஓடிவந்து நெஞ்சில் ஸ்டெத்தஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் முகம் மாறியதை ஆறுச்சாமி பார்த்தான். நாலைந்து நிமிஷம்தான். வாசலில் துரை நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

ஈப்பன் இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார். செத்தவர் யாருக்குத்தான் அப்படி எழுத முடியாது?

டாக்டர் எழுதியதை லயம் நம்பவில்லை. அதனிடம் அதைவிட ஒழுங்கான கணக்கு இருந்தது. சனிக்கிழமை சாகிறவர் தனியாகப் போகமாட்டார், துணைக்கு ஆள் தேடுவார் என்பதால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவது வழக்கம். முத்துப்பேச்சிக்குக் கட்டிய குஞ்சு வழியில் நழுவி ஓடிவிட்டது. ஆகவே அவள் மிக்கேல்ராஜைக் கூப்பிட்டுக்கொண்டாள். மிக்கேல்ராஜ் வீட்டார் வேதக்காரர்கள், கோழி கட்டக் கூடாது என்று சர்ச் உபதேசியார் தடுத்துவிட்டார். ஆகவே அவன் சிசிலியைக் கூப்பிட்டுக்கொண்டான். சிசிலியின் புருஷன் சூசையப்பன் உபதேசியாருக்குத் தெரியாமல் சேலை மடிப்புக்குள் ஒரு குஞ்சை மறைத்துக் கட்டினான். பயத்துக்கு அது போதவில்லை. சிசிலி வாயாடி, ஒரு குஞ்சோடு அடங்கமாட்டாள் என்றார்கள். அவள் கொழுந்து எடுத்த நிரையில் இறங்கப் பெண்கள் மறுத்தார்கள். சூசையப்பன் வீட்டு வாசலில் இருந்த குழாயை விட்டுவிட்டு அரை மைல் நடந்து ஓடையில் தண்ணீர் எடுத்தார்கள். செத்துப்போனவளை ஒரே மாதத்தில் கொலைகாரி ஆக்கிவிட்டார்கள்.

நிர்வாகத்துக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பேயின் மீது விசாரணைக் கமிஷன் வைக்க முடியாதல்லவா? அவசரநிலைக் காலம் வேறு. யூனியன்காரர்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சுடலைக்கு ஒரு பூசை போட ஆபீசிலிருந்தே அனுமதி வந்தது.

ஆறுச்சாமிக்கு உஸ் போகவில்லை. இன்பமேரி காப்பி குடித்தால் கேட்டது. மலைப்பாதையில் பஸ் பிரேக் போட்டால் கேட்டது. தன் மூச்சே மூக்கில் ஏறும்போது கேட்டது. கேட்டவுடன் சட்டைக் கையில் ஒரு பிடி விழும். திரும்பினால் யாரும் இல்லை. பேயை நம்பாதவன்தான். ஆனாலும் ஒன்றாம் கட்டிலைத் தாண்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான்.

"லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வாங்கண்ணே" என்றாள் இன்பமேரி. "மூஞ்சியப் பாத்தா ஒங்களத்தான் அடுத்துக் கூப்புட்டிருக்கா போல."

சொன்ன பிறகு அவளுக்கே அந்தக் கேலி பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

மீனாட்சிபுரத்தில் கந்தப்பன் கிணற்று மேட்டில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் ஏறவில்லை. ஆறுச்சாமி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான். சத்தம். உஸ்.

"என்றா, பேயப் பாத்தவனாட்ட நிக்கற?"

"அண்ணா, அது என்ன சத்தம்?"

"உறிஞ்சற பைப்புல எங்கியோ இணைப்பு உட்டுருக்குது. காத்து இழுக்குது. காத்து உள்ள போயிருச்சுன்னா பம்பு சும்மாதான் சுத்தும். தண்ணிய எங்க தள்ளும்?"

"ஓட்டையிருந்தா தண்ணி வெளியதான வரோணும்?"

கந்தப்பன் சிரித்தான். "பத்தாவது படிச்சவன் கேக்கற கேள்வியப் பாரு. தள்ளற பக்கம் ஓட்டையானா வெளிய பீச்சும். உறிஞ்சற பக்கம் ஓட்டையானா ஒரு சொட்டு வெளிய வராது. காத்துத்தான் உள்ள போகும்."

ஒரு சொட்டு வெளிய வராது. ஆறுச்சாமி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். கந்தப்பன் ஈரக் களிமண்ணைப் பிசைந்து இணைப்பில் அப்பினான். மேலே தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட்டான். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

அவன் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு டியூபாக நினைத்துப் பார்த்தான். மொத்தம் பதினொன்று எடுத்திருக்கிறான். எட்டு, வேறு நாட்களில், ஆள் படுத்திருக்கும்போது எடுத்தது. எட்டுப் பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். மூன்று, சனிக்கிழமை, நிமிர்ந்து உட்காரவைத்து எடுத்தது. எட்டுப் பேருக்கும் துளையில் ரத்தம் கசிந்தது, பஞ்சால் அழுத்தினான். மூன்று பேருக்குக் கசியவில்லை. உட்கார்ந்தால் காறை எலும்புத் துளை இதயத்துக்கு மேலே போய்விடுகிறது. கிணற்றுக்கு மேலே நிற்கும் பைப்பு. வற்றி எலும்பான உடம்பு, துளையை மூடச் சதையும் இல்லை. போதாததற்கு, மூச்சை உள்ளே இழுங்கள் என்று அவனே மோட்டாரைப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறினான்.

ஈப்பன் மருந்தறையில் தனியாக இருந்தார். ஆறுச்சாமி பம்புசெட்டிலிருந்து தொடங்கிச் சொன்னான். முடிந்ததும் ஈப்பன் கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு ஸ்டெத் வெச்சப்போ ஞான் கேட்டேன்" என்றார். "தயிரு கடையுற மாதிரி ஒரு சத்தம். ஹார்ட்டுக்குள்ளே காத்தும் ரத்தமும் நுரைச்சு. புஸ்தகத்திலே படிச்சிருக்கேன். படுக்க வெச்சு, தலையைத் தாழ்த்தி எடுக்கணும். எடுத்த உடனே அழுத்திப் பிடிக்கணும். எல்லாம் எழுதியிருக்கு."

"அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே."

"மறந்துபோச்சு. அது என்டெ தப்பு. பின்னே, சனியாழ்ச்ச துரைக்கு முன்னால ஆரெயாவது படுக்க வைக்க முடியுமோ?" ஈப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறுச்சாமி, கேளு. இனிமே வெள்ளியாழ்ச்சயே படுக்க வெச்சு எடுப்போம். ஆரும் சாகமாட்டா. வெளியிலே சொன்னா முதல்லே நின்னே பிடிப்பா. டியூப் எடுத்தது நின்டெ கையல்லே?"

ஆறுச்சாமி தன் கையைப் பார்த்தான். சரிங்க என்றான். அந்தச் சரிங்கவுக்காக அவன் இன்றைக்கும் வெட்கப்படுகிறான்.

செப்டம்பரில் இருதயம்மாளைத் தூக்கி வந்தார்கள். சிசிலியின் தங்கை. அக்கா போன பிறகு அத்தான் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று பக்கத்து டிவிஷனிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தவள். வாந்திபேதி. அக்கா கூப்பிட்டுவிட்டாள் என்று லயமே சொன்னது. இருதயம்மாளும் அதையேதான் சொன்னாள். டியூப் போட்டுக் கண் திறந்ததும் முதலில் பார்த்தது ஒன்றாம் கட்டிலின் நம்பர்.

"இது எங்கக்கா கட்டிலுல்லா? சனிக்கிழம என்னைக்கு, சிஸ்டர்?"

"நீ பொழச்சுக்கிடுவ. வாய மூடிட்டுக் கெட" என்றாள் இன்பமேரி.

வெள்ளிக்கிழமை டியூபை எடுக்க ஆறுச்சாமி தயாராக இருந்தான். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் வாந்தி எடுத்தாள். ஒரு மடக்கு நீர் தங்கவில்லை. எடுத்தால் செத்துப்போவாள். சனிக்கிழமை காலையில்தான் கஞ்சித் தண்ணீர் தங்கியது. மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம், துரை போன பிறகு, என்றார் ஈப்பன். வழக்கப்படி அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். சூசையப்பன் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலைக்குப் போகவில்லை.

ஒன்பது மணிக்குத் துரை வந்தார். டியூபைப் பார்த்தார்.

"குடிக்குதா?"

"குடிக்கிறா, சார்" என்றார் ஈப்பன்.

"அப்புறம் எதுக்கு இது? திங்கக்கிழமை லேபர் ஆபீசர் வரார். இந்தக் கட்டில்ல இப்படித் தொங்கிட்டிருக்கக் கூடாது. எடுத்துடு. இப்பவே. நான் பாக்கணும்."

ஈப்பன் ஆறுச்சாமியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். இருதயம்மாளின் கை போர்வையைப் பிசைந்தது. ஆறுச்சாமிக்கு உஸ் கேட்டது, டியூபைத் தொடுவதற்கு முன்னாலேயே. சட்டைக் கையில் அந்தப் பிடி விழுந்தது. இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"சிஸ்டர், தலகாணிய எடுத்துருங்க. அம்மாவ மல்லாக்கப் படுக்க வெய்ங்க."

இன்பமேரி தயங்கியது ஒரு கணம். எடுத்துவிட்டாள். ஆறுச்சாமி வராந்தாவில் பூந்தொட்டிக்கு அடியில் இருந்த செங்கல் நான்கைக் கொண்டுவந்தான். சூசையப்பனைக் கூப்பிட்டு, கால்மாட்டில் கட்டிலைத் தூக்கச் சொல்லி, காலுக்கு இரண்டாக வைத்தான். தலை தாழ்ந்தது, கால் உயர்ந்தது. இருதயம்மாளின் வெடித்த பாதம் இரண்டும் துரையின் மார்புக்கு நேரே வந்து நின்றன.

"என்ன நாடகம் இது? உக்கார வை" என்றார் துரை.

"உக்கார வெச்சா செத்துருவாங்க" என்றான் ஆறுச்சாமி. வார்டு முழுக்கக் கேட்டது. "உக்கார வெச்சுத்தானுங்க மூணு பேரு செத்தாங்க. உங்களுக்கு மரியாதைக்கு உக்கார வெச்சம். நாந்தான் டியூப்ப எடுத்தன். மூச்ச இழுங்கன்னும் நாந்தான் சொன்னன். அந்த ஓட்டை வழியா காத்து நெஞ்சுக்குள்ள போயிருச்சு. முத்துப்பேச்சியம்மாளும் கூப்புடல, மிக்கேல்ராஜும் கூப்புடல. சிசிலியம்மா யாரையும் கூப்புடலீங்க. காத்துத்தானுங்க."

ஆறுச்சாமி குனிந்தான்.

"அம்மா, மூச்ச உள்ள இழுக்கக் கூடாது. நான் எடுக்கற வரைக்கும் வெளியவே உட்டுட்டு இருக்கோணும். நீளமா." எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியாமல் நின்றான். பிறகு கேட்டான். "குலவை போடத் தெரியுமுங்களா?"

"நல்லாக் கேட்டீக" என்றாள் இன்பமேரி. "சப்பரம் கெளம்பையில மொதக் குலவை இவளுதுதான்."

இருதயம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கு அசைந்தது. முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு மெல்லிசாக, கிழிந்து, ஒரு குலவை கிளம்பியது. மூச்சு தீரப் போகிற நேரத்தில் ஏழாம் கட்டில் பிள்ளைபெற்றவள் பிடித்துக்கொண்டாள். இன்பமேரியும் சேர்ந்தாள். அந்தச் சத்தத்துக்குள், இருதயம்மாளின் மூச்சு தீருமுன், ஆறுச்சாமி டியூபை உருவினான். உஸ் இல்லை. துளையிலிருந்து சிவப்பாக, மெல்லிய நூல் போல, ரத்தம் வெளியே வந்தது.

அவன் தன் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. வாஸ்லைன் தடவிய துணியை வைத்து அழுத்தினான். பத்து நிமிஷம் விரலை எடுக்கவில்லை. துரை எப்போது போனார் என்று அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது ஈப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வராந்தாவில் சூசையப்பன் தூணடியில் உட்கார்ந்திருந்தான். ஆறுச்சாமி போய் எதிரில் நின்றான். அடி விழும் என்று நினைத்தான். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"என் கைதானுங்க" என்றான்.

சூசையப்பன் தலையை நிமிர்த்திக் கேட்டான்.

"அவ யாரையும் கூப்புடலைல்ல?"

"இல்லீங்க."

"ஒரு மாசமா ராவும் பகலும் வாசல்ல உப்பக் கொட்டி வச்சிருக்கேன், அவ உள்ள வந்துரக் கூடாதுன்னு" என்றான் சூசையப்பன். "எம்பொண்டாட்டிக்கு, நான்." எழுந்து, ஆறுச்சாமியைத் தொடாமல், படியிறங்கிப் போனான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை. அன்று மாலை அவன் வாசலைக் கழுவிவிட்டதாகவும், மறுநாள் இரண்டு பெண்கள் அந்தக் குழாயில் குடம் வைத்ததாகவும் இன்பமேரி வந்து சொன்னாள்.

ஆறுச்சாமிக்கு ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. குற்றம், ஒழுங்கீனம். நோயாளியின் கால்களை நிர்வாகியின் முகத்துக்கு எதிரே வைத்தது, கட்டளையை மீறியது, ஆஸ்பத்திரியில் கூச்சல் போடச் செய்தது. மூன்று சாவைப் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை. விசாரணையில் ஈப்பன், தனக்கு ஒன்றும் நினைவில்லை என்றார். அடுத்த வருஷம் வெளிநாடு போய்விட்டார். இன்பமேரி ஓர் அட்டையில் 'காறை எலும்பு டியூபைப் படுக்க வைத்தே எடுக்கவும்' என்று எழுதி ஒன்றாம் கட்டிலுக்கு மேலே மாட்டினாள். கழற்றிவிட்டார்கள். மருந்து அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதினாள். அது இருக்கிறது.

வேலை போன ஆறுச்சாமி இப்போது மீனாட்சிபுரத்தில் மாடு வைத்திருக்கிறான். பாலை ஊற்றிவிட்டு வந்து மோட்டாரைப் போடுவான். போட்டதும் உடனே நகரமாட்டான். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்பான். சனிக்கிழமைகளில் கொஞ்சம் அதிக நேரம். ஒருவரைக் காப்பாற்றியதால் மூவர் கழிந்துவிடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். இன்றும் சில நாள் யாரோ சட்டைக் கையைப் பிடிக்கிறார்கள். அதைப் பேய் என்று அவன் சொல்வதில்லை. சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். அதனால்தான் சொல்வதில்லை.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் வீட்டு ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கலாம். கழுத்திலோ காறை எலும்புக்கு அடியிலோ ஒரு டியூப் இருக்கலாம். அதை எடுக்க யாராவது வரும்போது ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், கூச்சப்படாதீர்கள். வந்தவர் டாக்டரானாலும், வாசலில் எந்தத் துரை நின்றாலும், எழுந்து நின்று கேளுங்கள்: "படுக்க வைத்து எடுங்கள்." தலை தாழ்ந்திருக்கட்டும், மூச்சு வெளியே போகட்டும், எடுத்தவுடன் துளையை அழுத்தி மூடட்டும். முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். அதன் பிறகு வெளியே வந்து, அடுத்த கட்டில்காரரிடமும் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.